கிராஸ்கன்ட்ரி பனிச்சறுக்கும் நிலக்காட்சிப் படமும்: சிங்கப்பூரிலிருந்து ஹொக்கைடோ செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

சமதளத்திலும் சிறு மேடுபள்ளங்களிலும் சொந்த உந்துதலால் பலகையில் சறுக்கிச் செல்லும் கிராஸ்கன்ட்ரி பனிச்சறுக்கு, உடம்பைச் சூடாக்கி வியர்க்க வைக்கும் வேலை. நிலக்காட்சிப் படம் எடுப்பதோ அசையாமல் நின்று ஒளிக்காகக் காத்திருக்கும் வேலை. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துச் செய்பவர்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை இந்த முரணிலிருந்தே பிறக்கின்றன: வியர்த்த உடம்போடு நின்றால் குளிர் ஏறுகிறது, குளிரில் விரல் மரத்தால் கேமராவை இயக்க முடிவதில்லை, அவசரத்தில் கேமராவை ஜாக்கெட்டுக்குள் செருகினால் லென்ஸ் மங்கிவிடுகிறது. ஆகவே எதை எந்த வரிசையில் செய்வது என்பதே இங்கு முக்கியம். கேமராவை ஓரளவு கையாளத் தெரிந்த, ஆனால் பனியில் இதுவரை காலே வைக்காத ஒருவரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. இடத்துக்கு எடுத்துக்காட்டாக ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் நடுப்பகுதியிலுள்ள அசாஹிகாவா, பியெய், அசாஹிதாகே வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

விமானச் சீட்டைப் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு பனி இருக்குமா என்று விசாரிப்பதே பலரும் செய்யும் முதல் தவறு. நமது ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்குகிறது. அப்போது பியெய் போன்ற தாழ்வான பகுதிகளில் பனி விழுந்தாலும் தங்குவதில்லை. ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்திலுள்ள அசாஹிதாகே வெந்நீரூற்றுப் பகுதியில் மட்டும் பனி முன்கூட்டியே படிந்துவிடுவதால், ஜப்பானின் போட்டி வீரர்கள் நவம்பரிலேயே அங்கு கிராஸ்கன்ட்ரி பயிற்சிக்கு வந்துவிடுவார்கள்.

டிசம்பரில்தான் போக முடியும் என்றால் கடைசிப் பத்து நாள்களைத் தேர்ந்தெடுங்கள். விடுப்பு எடுக்க முடிபவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி இறுதி வரை மிக நல்ல காலம். சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்ப்பது பணப்பைக்கும் பொறுமைக்கும் நல்லது.

பகல் நேரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஆண்டு முழுவதும் காலை 7, மாலை 7 என்றே பழகிய நமக்கு, டிசம்பர் இறுதியில் பிற்பகல் 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைவது திட்டத்தையே கலைத்துவிடும். அதே சமயம் அந்த மாதத்தில் நண்பகலிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 23 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. நீண்ட நிழல் நாள் முழுவதும் கிடைப்பதால், நண்பகலில் கேமராவை மூடி வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கு தேவையில்லை.

2. புறப்படுவதற்கு முன் சிங்கப்பூரிலேயே செய்யவேண்டியவை

கிராஸ்கன்ட்ரியில் குதிகால் பலகையோடு பிணைக்கப்படுவதில்லை. காலணியின் முன்நுனி மட்டுமே பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு எட்டிலும் உடலின் முழு எடையும் ஒரு காலுக்கு மாறி, அந்தக் காலிலேயே சறுக்கிச் செல்லவேண்டும். எனவே ஒற்றைக்காலில் நிலைகொள்ளும் பயிற்சிதான் உங்களுக்குத் தேவை. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதில் தொடங்கலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இன்லைன் ஸ்கேட் ஓட்டுவது எடையை இடமும் வலமும் மாற்றும் உணர்வைத் தரும். புளோக்கின் மாடிப்படிகளில் ஏறுவது தொடைக்கு நல்லது; ரயில் காரிடாரில் இரண்டு ஊன்றுகோல்களோடு வேகமாக நடப்பது தோளுக்கும் கைக்கும் நல்லது.

கேமராவுக்கான பயிற்சியை வீட்டுக்கூடத்திலேயே செய்யலாம். எடுத்துச் செல்லப்போகும் கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மாற்றவும், பேட்டரியைக் கழற்றிப் போடவும், ஃபோகஸ் புள்ளியை நகர்த்தவும் பழகுங்கள். எந்தப் பொத்தான் கையுறையோடு எட்டவில்லையோ, அந்த வேலையைப் பெரிய பொத்தான் ஒன்றுக்கு இப்போதே மாற்றி அமைத்துவிட வேண்டும். மைனஸ் 15 பாகையில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு பயிற்சியையும் வலியுறுத்துகிறேன். ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து, ஒன்றை வெறுமனேயும், மற்றொன்றைக் காற்றை வெளியேற்றி மூடிய ஜிப்லாக் பைக்குள்ளும் வைத்து, இரவு முழுவதும் ஃப்ரீசரில் விடுங்கள். காலையில் எடுத்துச் சமையல் மேடையில் வைத்தால், வெறும் டம்ளர் சில நொடிகளிலேயே வெள்ளையாக மங்கி, பிறகு முத்து முத்தாக நீர் கோத்து, அடியில் சிறு வளையமாகத் தேங்கும். பைக்குள் இருப்பதோ பையின் வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே உலர்ந்தே இருக்கும். கேமராவைப் பையில் போடாமல் விடுதிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் காட்டாது.

3. வாங்கவேண்டியவை, வாடகைக்கு எடுக்கவேண்டியவை

உடைகளில் முதல் விதி, தோலைத் தொடும் எதுவும் பருத்தியாக இருக்கக்கூடாது என்பது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்றவுடன் அந்த ஈரம் உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ ஆன தெர்மல், அதன்மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஆகியவை ஓடும்போது போதும். தேக்கா பக்கமோ விளையாட்டுப் பொருள் கடைகளிலோ பருமனான ஒரே குளிர்கால அங்கியை வாங்கி, அதையே அணிந்து சறுக்கலாம் என்று நினைப்பவர்கள் பத்தே நிமிடத்தில் உள்ளே நனைந்துவிடுகிறார்கள். பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டும் தேவைதான். ஆனால் அது பையில் இருக்கவேண்டியது, நிற்கும்போது மட்டும் மேலே போட்டுக்கொள்ள.

கைக்கு இரண்டு அடுக்கு வேண்டும்: விரல்களை இயக்க இடம் தரும் மெல்லிய கையுறை, அதற்கு மேல் மிட்டன் (நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் இருக்கும் தடித்த கையுறை). காலுறை ஒன்றே ஒன்று போதும். இரண்டு காலுறை போட்டால் காலணி இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் விரைவாகக் குளிர்ந்துபோகும்.

பலகை, காலணி, ஊன்றுகோல் மூன்றையும் அங்கேயே வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில் இருப்பதால், பாதத்தின் நீளத்தைச் சுவரோரம் நின்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் உங்கள் உண்மையான எடையைச் சொல்லுங்கள். கேமராப் பையின் எடையையும் சேர்த்தே சொல்லுங்கள். கிளாசிக் வகைப் (இரு பலகைகளையும் இணையாக வைத்து நேராகச் சறுக்கும் முறைக்கான) பலகையின் நடுப்பகுதி வில்லாக வளைந்திருக்கும். உங்கள் எடை அதை அழுத்தும்போதுதான் அடியிலுள்ள பிடிப்புப் பகுதி பனியைத் தொட்டு, பின்னால் வழுக்காமல் உந்த முடிகிறது. எடையைக் குறைத்துச் சொன்னால் வளைவு எளிதில் அமுங்கி, சறுக்கவேண்டிய நேரத்திலும் பலகை பனியில் உரசிக்கொண்டே வரும். செதில் வெட்டப்பட்ட அடிப்பாகமோ, சிறு மயிர்ப்பட்டை ஒட்டிய அடிப்பாகமோ உள்ள பலகையைக் கேளுங்கள். பிடிப்புக்கான மெழுகை வெப்பநிலைக்கு ஏற்ப மாற்றிப் பூசும் தொல்லை இவற்றில் இல்லை. கிளாசிக் ஊன்றுகோல் ஏறத்தாழ அக்குள் உயரம் இருக்கவேண்டும்.

கேமரா ஒன்று, 24-105 மில்லிமீட்டர் போன்ற நடுத்தர ஜூம் லென்ஸ் ஒன்று, குறைந்தது மூன்று பேட்டரி ஆகியவை போதும். பனி விழும் இடத்தில் லென்ஸ் மாற்றினால் துகள்கள் உள்ளே போய் உருகும். உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் விமானத்தில் கொண்டு செல்லவேண்டும். கார் ஓட்ட நினைப்பவர்களுக்கு சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி கட்டாயம். ஆனால் உறைந்த சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் ஓட்டாமல் இருப்பதே நல்லது. அசாஹிகாவாவிலிருந்து பியெய்க்கு ஃபுரானோ பாதையில் ரயில் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அசாஹிதாகேவுக்குப் பேருந்து உண்டு.

4. முதல் நாள் கேமராவைத் தொடாதீர்கள்

இந்த அறிவுரையைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் முதல் நாள் விழுவது உறுதி, அதுவும் பலமுறை. கழுத்தில் கேமரா தொங்கினால் உடம்பு அதைக் காப்பாற்றவே முயலும். கையை ஊன்றி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொள்வது அப்படித்தான்.

பலகைகளை வெளியே எடுத்தவுடன் பனியில் வைத்து ஏறிவிடாதீர்கள். அறையின் சூடு இன்னும் பலகையில் இருப்பதால், அடியில் படும் பனி உருகி, உடனே மீண்டும் உறைந்து கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் சுவரில் சாய்த்துக் குளிரவிடுங்கள். பிறகு காலணியின் அடியில், முன்நுனிக் கம்பியைச் சுற்றியுள்ள பனியை ஊன்றுகோலின் முனையால் சுரண்டுங்கள். பைண்டிங் (காலணியைப் பலகையோடு இணைக்கும் பூட்டு) பூட்டவில்லை, பழுது என்று கடைக்குத் திரும்பி நடப்பவர்களில் பலருக்கு அங்கே ஒரு விரல்நகம் அளவு பனிக்கட்டிதான் தடையாக இருக்கும்.

பயிற்சி வரிசை இது. முதலில் ஒரு காலில் மட்டும் பலகை பூட்டி, மற்றக் காலால் உந்திச் சறுக்குங்கள். பிறகு கால் மாற்றுங்கள். அடுத்து இரண்டு பலகையும் பூட்டி, ஊன்றுகோல் இல்லாமல் நடந்து, நடையை மெல்ல நீட்டுங்கள். ஊன்றுகோலை முதலிலேயே கொடுத்துவிட்டால் எல்லோரும் அதன்மேல் சாய்ந்தே நிற்கிறார்கள்; கால் எடையை ஏற்கக் கற்பதே இல்லை.

விழுவதையும் எழுவதையும் வேண்டுமென்றே பயிலவேண்டும். சமநிலை தவறும்போது பக்கவாட்டில் உட்காருவதுபோல் விழுங்கள். எழுவதற்கு, இரண்டு பலகைகளையும் உடலின் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து, சரிவு இருந்தால் அதற்குக் குறுக்காக வைத்து, முதலில் முழங்காலிட்டு, பிறகு ஒவ்வொரு காலாக எழுங்கள். சரிவின் திசையிலேயே பலகையை வைத்து எழுந்தால், எழுந்த கணமே மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். விழுந்த இடத்தில் ஏற்பட்ட பள்ளத்தை நிரவிவிட்டுப் போவது பின்னால் வருபவருக்குச் செய்யும் மரியாதை.

இதன்பின் பலகைகளின் பின்முனையை விரித்து, முன்முனையைச் சேர்த்து, வேகத்தைக் குறைக்கும் முறையைச் சிறு சரிவில் பழகுங்கள். ஏறுவதற்கு நேர்மாறாக முன்முனையை விரித்து, உள்விளிம்பை ஊன்றி நடக்கவேண்டும். இவை இரண்டும் கைவந்த பிறகுதான் ஊன்றுகோல். அதன் பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, பட்டையோடு சேர்த்துப் பிடியைப் பிடிக்கவேண்டும். உந்தும்போது பட்டைதான் எடையைத் தாங்குகிறது.

5. கேமராவைச் சுமக்கும் முறை

முதுகுப்பையில் கேமராவை வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கையுறை, ஊன்றுகோல், பை என மூன்றையும் கழற்ற நேரும். நாளடைவில் படமெடுப்பதையே விட்டுவிடுவீர்கள். மார்பில் கட்டும் பை வசதியானதுதான், ஆனால் பலகையின் நுனி கண்ணில் படாமல் மறைக்கும். இடுப்புப் பையைப் பின்னால் இறுக்கிக் கட்டி, நிற்கும்போது முன்னால் திருப்பிக்கொள்வதே புதியவர்களுக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து. எடை இடுப்பளவில் இருப்பதால் சமநிலையும் கெடுவதில்லை. முக்காலியைச் சறுக்கும் நாள்களில் விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

கேமராவை ஜாக்கெட்டுக்குள் சூடாக வைத்திருக்கவேண்டும் என்று நினைப்பது தவறு. உள்ளே வியர்வையின் ஆவி நிறைந்திருக்கிறது. அது குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, வெளியே எடுத்ததும் உறைந்துவிடும். கேமரா குளிரிலேயே இருக்கட்டும். சூடு வேண்டியது பேட்டரிக்கு மட்டும். கடுங்குளிரில் அதன் திறன் பாதியளவுக்குக்கூட இறங்கலாம், ஆனால் உடல்சூட்டில் சிறிது நேரம் வைத்தால் பெரும்பகுதி மீண்டுவிடும். ஆகவே தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரியைத் தூக்கி ஒதுக்காமல், உள்பையில் வைத்துச் சுழற்சியில் பயன்படுத்துங்கள்.

6. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்பற்றவேண்டிய வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்கமுடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். நல்ல காட்சியைக் கண்டதும் கை நேராகக் கேமராவுக்குத்தான் போகும், அதை அடக்கவேண்டும்.

முதலில் தடத்தைவிட்டு ஓரமாக விலகி நில்லுங்கள். தடத்தில் நிற்பவரை மோதாமல் தவிர்க்க, பின்னால் சறுக்கி வருபவருக்கு வழியில்லை. விலகும்போது பலகைகள் ஓடுவதற்காக இயந்திரம் போட்ட இரட்டைக் கோட்டை மிதித்துக் கெடுக்காமல் பலகையைத் தூக்கி வைக்கவேண்டும். இரண்டாவது, ஊன்றுகோல்களைப் பனியில் குத்தி நிறுத்துங்கள். கீழே கிடத்தினால் புதைந்துவிடும்.

மூன்றாவது, குளிர் தெரிவதற்கு முன்பே தடித்த ஜாக்கெட்டைப் போடுங்கள். நின்றவுடன் உடம்பு இன்னும் சூடாகவே இருப்பதால் இது தேவையில்லை என்றே தோன்றும். ஆனால் ஓடிச் சேர்த்த வெப்பம் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். வெளியேறிய பின் போடும் ஜாக்கெட் குளிர்ந்த உடம்பைத்தான் பொதிந்து வைக்கும். நான்காவதாக மிட்டனைக் கழற்றி, வாய்ப்பக்கம் கீழ்நோக்க ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள். பனிமீது வைத்தால் அடுத்த முறை கையை ஈரத்துக்குள் நுழைப்பீர்கள். அதன்பிறகே கேமரா.

படமெடுக்கும்போது மூச்சை வ்யூஃபைண்டர்மேல் விடாதீர்கள். அது அங்கேயே உறைந்து படியும். லென்ஸில் விழுந்த பனித்துகளை வாயால் ஊதவே கூடாது. ரப்பர் ஊதுகுழலோ மென்தூரிகையோ பயன்படுத்துங்கள். விரல் நுனி வலித்தால் பரவாயில்லை. வலி நின்று மரத்துப்போனால்தான் ஆபத்து. அப்போது படத்தை மறந்து, கையை அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். உடன் வருபவரின் கன்னத்திலும் மூக்கிலும் வெளிறிய திட்டுத் தெரிகிறதா என்று ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

புறப்படும்போது வரிசை தலைகீழ்: கேமராவை உள்ளே வைத்து, மிட்டனை மாட்டி, கடைசியில் ஜாக்கெட்டைக் கழற்றி, உடனே நகருங்கள். முதல் சில நிமிடம் குளிரும். அது சரியான அறிகுறி. கழற்ற மனமில்லாமல் அதோடே சறுக்கினால் அடுத்த நிறுத்தத்துக்குள் நனைந்திருப்பீர்கள்.

இந்த நிறுத்தங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், 4 அல்லது 5 கிலோமீட்டர் சுற்றே ஒரு நாளுக்குப் போதுமானது. தின்பதற்குக் கொண்டுபோகும் பேரீச்சை, சாக்லேட் எல்லாம் குளிரில் கல்லாகிவிடும். சிறுசிறு துண்டாக நறுக்கி உள்பையில் வையுங்கள். குடுவையில் சுக்குமல்லிக் காபி இருந்தால் வாக்குவாதங்கள் குறையும்.

7. பனியை வெள்ளையாகப் படமெடுப்பது

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். சட்டகம் முழுக்கப் பனி இருந்தால், அழுக்கு வேட்டிபோல் மங்கிய படமே கிடைக்கும். எக்ஸ்போஷரை +1 முதல் +1⅔ வரை உயர்த்தி, ஹிஸ்டோகிராமை (படத்தின் இருளும் ஒளியும் இடமிருந்து வலமாகப் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடத்தை)ப் பாருங்கள். மேடு வலப்பக்கம் நெருங்கி, விளிம்பில் முட்டாமல் இருக்கவேண்டும். திரையில் தெரியும் படத்தை நம்பாதீர்கள்: சுற்றிலும் பனி கண்ணைக் கூசச் செய்யும்போது எந்தத் திரையும் இருட்டாகவே தோன்றும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் பின்னர் திருத்த இடமிருக்கும்.

வெயில் நாளில் நிழல்கள் நீலமாக இருக்கும். நேரடி வெயில் படாத பனியை வானத்தின் நீல ஒளி மட்டுமே ஒளியூட்டுவதால் அது இயல்பான நிறம்; வொயிட் பேலன்ஸை மாற்றி அதை முழுவதும் நீக்கினால் வெயில் பட்ட பகுதி மஞ்சளாகிவிடும். மேகமூட்டத்தில் வானமும் நிலமும் ஒன்றாகக் கலந்துவிடும். அன்று மரம், வேலி, களஞ்சியம் என ஏதேனும் கருநிறப் பொருளைத் தேடிச் செல்லுங்கள். பனி விழும்போது 1/30 நொடி அளவில் எடுத்தால் கோடுகளாகவும், 1/250க்கு மேல் எடுத்தால் தனித்தனித் துகள்களாகவும் தெரியும்.

கடுங்குளிரான, மேகமற்ற அதிகாலையில் ஆற்றங்கரைக்குப் போங்கள். உறையாத ஆற்றிலிருந்து எழும் ஆவி கரையோரக் கிளைகளில் படிந்து, வெண்ணிறமாக உறைந்து நிற்கும். வெயில் ஏறியதும் அது உதிரத் தொடங்கும், ஆகவே காலை உணவுக்குப் பின் என்று தள்ளிப்போட வேண்டாம்.

எங்கும் முதலில் தொலைவிலிருந்து அகலமான படம், பிறகே நெருங்கிச் செல்வது. மிதித்த பனியைத் திரும்ப மிதிக்காததாக்க முடியாது.

8. எங்கே போகக்கூடாது

பனி மூடிய பியெய் குன்றுகள் யாருக்கும் சொந்தமில்லாத வெளியாகத் தோன்றும். உண்மையில் அவை விளைநிலங்கள். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை பனிக்கடியில் உயிரோடு இருக்கிறது. மிதித்து இறுகிய பனி வசந்தத்தில் தாமதமாக உருகிப் பயிரைக் கெடுக்கும், காலணி மண் வழியாகப் பயிர்நோயும் பரவும். அங்கு புகழ்பெற்றிருந்த ‘தத்துவ மரம்’ 2016 பிப்ரவரியில் வெட்டப்பட்டதற்கு, மரம் நலிந்ததோடு, படமெடுப்பவர்கள் வயலுக்குள் இறங்கியதும் காரணம். 2025 ஜனவரியில் சாலையோர வெண்பூர்ச்ச மர வரிசையையும் வெட்டினார்கள். அங்கும் பயணிகளின் நெரிசல் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சாலையிலிருந்தே எடுங்கள், சறுக்குவதை அதற்கென அமைந்த தடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை விளிம்புக்குக் கீழே நிற்காதீர்கள்; மேலே சேர்ந்த பனி முன்னறிவிப்பின்றிச் சரியும். ஓடையின்மேல் படிந்த பனி உள்ளீடற்றிருக்கலாம். செங்குத்தான சரிவுகளின் அடிவாரத்தைப் பனிச்சரிவு அபாயம் கருதித் தவிர்க்கவேண்டும்.

9. அறைக்குத் திரும்பும்போது

சிங்கப்பூரில் ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மங்குவதை அறிந்திருப்பீர்கள். அங்கு உள்ளே நுழையும்போது மங்கும். கதவைத் திறப்பதற்கு முன், வாசலிலேயே, நினைவட்டையையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப்லாக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். முதலில் அட்டையை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அன்றைய படங்களைப் பார்க்கும் ஆவலில் பையைப் பாதியில் திறந்துவிடுவார்கள் என்பதுதான். இரண்டு மூன்று மணி நேரம், ஹீட்டரிலிருந்து தள்ளி, தானாகச் சூடாகட்டும். வெந்நீர்க் குளியலறைக்கு அருகில் வைக்காதீர்கள்.

காலணியின் உள்தகட்டை உருவித் தனியே உலர்த்துங்கள். ஹீட்டரை ஒட்டி வைத்தால் பசை இளகும். சைவ உணவு உண்பவர்கள் விடுதிக்கு முன்பே எழுதிக் கேட்டிருக்கவேண்டும், ஏனெனில் காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு கலப்பது அங்கு வழக்கம்.

10. சிங்கப்பூர் திரும்பிய பிறகு

பெட்டியைத் திறந்த அன்றே ஈரமான எதுவும் உள்ளே இல்லையென்று உறுதிசெய்யுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கையுறையும் பையும் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். கேமராவையும் லென்ஸையும் ட்ரை கேபினட்டில் வைக்கும் முன், மூடிகளையும் ரப்பர் வளையங்களையும் கழற்றித் துடையுங்கள். கேமராப் பையை கேபினட்டுக்குள் வைக்கவேண்டாம். அதன் பஞ்சு வெளியிடும் ஈரம் மற்றவற்றையும் பாதிக்கும். பையை மின்விசிறியின் கீழ் எல்லா ஜிப்புகளையும் திறந்து காயப்போடுங்கள். தெர்மல் உடைகளைத் துவைத்தபின் உலர்த்தும் இயந்திரத்தில் போடாமல் நிழலில் உலர்த்தினால் சுருங்காது.